பாட்டாவின் கல்லாப்பெட்டியில் அறைந்திருந்த ரூபாய்

தக்கலைச் சந்தையில் என் பாட்டா நடத்திவந்த பலசரக்குக் கடையின் கல்லாப்பெட்டி மூடியில் ஒரு வெள்ளி ரூபாய் ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் ஜார்ஜின் தலை பொறித்த, 1918 என்று வருடமிட்ட காசு. நெரிசலான நேரத்தில் யாரோ தள்ளிவிட்டுப் போன கள்ளக்காசு என்றும், அது இன்னொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே பாட்டா அதை அங்கே அறைந்து வைத்தார் என்றும் வீட்டில் சொல்வார்கள். கடையை மூடியபோது மற்றவர்கள் தராசையும் படிக்கற்களையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஆணியைப் பிடுங்கி அந்தக் காசை எடுத்துக்கொண்டேன். பழைய கள்ளநாணயங்களையும் திருத்தப்பட்ட நாணயங்களையும் சேர்க்கும் என் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

அந்தக் காலத்து நல்ல ரூபாயின் எடை 11.66 கிராம்; ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. கோட்டாற்றில் நகைப்பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணாச்சியின் தராசில் பாட்டாவின் காசை வைத்தபோது 9.1 கிராம்தான் காட்டியது. ஆணித்துளையால் போனதைக் கூட்டிக்கொண்டாலும் இரண்டு கிராமுக்கு மேல் குறைகிறது. கல்லின் மேல் போட்டால் கணீரென்று ஒலிக்க வேண்டிய காசு, ஈயக்குண்டு விழுந்ததுபோல் மந்தமாக ஒலித்தது. அண்ணாச்சி விளிம்பை நகத்தால் ஒருமுறை வருடிப் பார்த்துவிட்டு, “வார்ப்பு மக்களே, அடிச்ச காசு இல்ல” என்றார். அச்சால் அடிக்காமல், உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்தது என்று பொருள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். அச்சு இரண்டும் பொருந்திய இடத்தில் ஒரு கோடு ஓடுகிறது. அதை அரத்தால் ராவி மறைக்க முயன்றதால் அங்கங்கே விளிம்பு வரிகள் மழுங்கிவிட்டன. உலோகம் குளிரும்போது விழுந்த ஊசிமுனைக் குழிகள் ராஜாவின் தாடியில் நிறைந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது காதுக்குக் கீழே உள்ள ஒரு கீறல். அது இந்தக் காசில் விழுந்த கீறல் அன்று. அச்சுப் பதிக்கப் பயன்பட்ட நல்ல ரூபாயில் யாராலோ எப்போதோ விழுந்த கீறல், வார்ப்போடு சேர்ந்து இதிலும் வந்துவிட்டது.

இங்கே கள்ளக்காசு அடிக்கும் இடத்தைப் பழைய ஆட்கள் கள்ளக்கம்மட்டம் என்பார்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தக் குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த காரணத்தால், முன்பு எங்கள் கடைக்காரர்கள் இரண்டு கணக்கு வைத்திருக்க வேண்டியிருந்தது: பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய், ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். வெள்ளிச் சக்கரம் மிளகைவிடச் சற்றே பெரியது. அதை எண்ணுவதற்கென்றே குழிகள் போட்ட மரப்பலகை இருந்தது. ஒரு பிடி சக்கரத்தை அதில் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். எண்ணுவதற்கே பலகை தேவைப்பட்ட இடத்தில் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க யாருக்குப் பொழுது இருந்திருக்கும் என்று நான் பல முறை யோசித்ததுண்டு.

கன்னியாகுமரிக் கடற்கரையில் விற்கிறார்களே, இராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிச் செம்புக்காசு, அதை நான் சேர்ப்பதில்லை. கம்பெனி அப்படியொரு காசை வெளியிடவே இல்லை. அபூர்வ சக்தியால் அரிசியைத் தன்பக்கம் இழுக்கும் என்று சொல்லி ஆசைகாட்டிப் பணம் பறிப்பதற்கும் இதே காசைத்தான் காட்டுகிறார்கள். சந்தையில் ஒரு படி அரிசிக்காகக் கைமாறிய கள்ளக்காசுக்கும், என்னைப் போன்ற சேகரிப்பாளனைக் குறிவைத்து நேற்று செய்த பொம்மைக்கும் ஒரே பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை விவரம் பேசுகிற நானும் ஏமாந்தேன். ஆறாம் ஜார்ஜின் ரூபாய்களில் 1939ஆம் வருடத்துக் காசு அரிது. ஆகவே விலையும் அதிகம். 1940இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, கள்ளக்காசைத் தடுப்பதற்காக விளிம்பு வரிகளின் நடுவே ஒரு பள்ளமும் சேர்க்கப்பட்டதால், பின்னால் வந்த காசுகளைத் திருத்தி 1939 ஆக்கினால் விளிம்பே காட்டிக்கொடுத்துவிடும். எனவே திருத்துகிறவர்கள் 1938ஐ எடுத்துக்கொள்கிறார்கள். எடை, வெள்ளி, விளிம்பு எல்லாமே சரியாக இருக்கும். எட்டின் கீழ்வளையத்தில் இடது பக்கத்தைச் சுரண்டி எடுத்தால் ஒன்பது ஆகிவிடுகிறது. வெளியூர்க் கண்காட்சி ஒன்றில் இரண்டு மாத வாடகைப் பணத்தைக் கொடுத்து நான் வாங்கிவந்தது அப்படிப்பட்ட காசுதான். எடை போட்டேன், விளிம்பைப் பார்த்தேன், ஒலியைக் கேட்டேன். இலக்கத்தை மட்டும் கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்பதின் வயிற்றுக்குக் கீழே தரை சற்றுத் தாழ்ந்து, ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகளோடு, சுற்றியிருந்த கருமைக்குப் பொருந்தாத வெளுப்பில் இருந்தது.

திருப்பிக் கொடுத்திருக்கலாம், விற்றவர் ஒப்புக்கொண்டும் இருப்பார். ஆனால் அந்தக் காசு மறுவாரமே இன்னொருவரிடம் 1939 ஆகிவிடும் என்று தோன்றியதால் கொடுக்கவில்லை. ஆணியடிக்க எனக்குக் கல்லாப்பெட்டி இல்லை. பாட்டாவின் காசுக்குப் பக்கத்து உறையில், மேலே 1938 என்று எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்த விலையை மட்டும் எழுதவில்லை, வீட்டில் பார்த்துவிடுவார்கள்.