டெப்லட் இல்லாத ஒற்றைப்பாதை

மட்டக்களப்புப் பாதையில் ஒரு கோச்சி, அதாவது ரயில், நிலையத்தை விட்டுக் கிளம்ப, சாரதியின் கைக்கு டெப்லட் வரவேண்டும்: அடுத்த நிலையம்வரை ஒற்றைப்பாதையில் போக அனுமதி தரும் உலோகத் தகடு அது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களின் டெப்லட் பெட்டிகளும் மின்கம்பியால் பிணைந்தவை. வெளியே எடுத்ததைத் திரும்பப் போடும்வரை இன்னொன்று வராது. நிலைய அதிபர் மறதியில் இழுத்தாலும் பெட்டி விடாது.

1916இல் ஏறத்தாழ 2,54,000 மைல் பாதை வைத்திருந்த அமெரிக்காவில் ஒற்றைப்பாதையின் பெரும்பகுதிக்கு இந்தக் காவல் இல்லை. நேர அட்டவணை, சட்டைப்பைக் கடிகாரம், ஒரு துண்டுக் கடதாசி, அவ்வளவுதான்.

எந்த வண்டி பெரியது, அதாவது முன்னுரிமை உள்ளது, என்பது அட்டவணையிலேயே இருக்கும். முதலாம் வகுப்புக்கு மற்றவை வழிவிட வேண்டும். வகுப்பு ஒன்றென்றால் திசை தீர்மானிக்கும். பெரியது வரும் நேரத்துக்கு 5 நிமிடம் முந்தியே சின்னது பக்கப்பாதையில் ஒதுங்கிவிட வேண்டும். பெரியது பிந்தினால்தான் சிக்கல். சின்னது சும்மா கிடக்காமலிருக்க, சந்திக்கும் இடத்தை மாற்றி, வண்டிகளின் ஓட்டத்தை நெறிப்படுத்தும் டிஸ்பாட்சர் தந்தியில் கட்டளை அனுப்புவார். தந்திக்காரர் மெல்லிய தாளில் கார்பன் வைத்து எழுதி, சொல் சொல்லாகத் திருப்பி அனுப்ப, டிஸ்பாட்சர் தன் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிடுவார். பிறகுதான் நேரத்தோடு ‘கொம்ப்ளீட்’ என்று வரும். அதற்கு முன் அந்தத் தாள் செல்லாது. 31ஆம் படிவமென்றால் வண்டி நின்று கண்டக்டர் கையெழுத்திட வேண்டும். 19ஆம் படிவத்தை வளையத்தில் செருகி ஓடும் வண்டிக்கே நீட்டலாம்: ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று கடைசிப் பெட்டிக்கு. கையை நுழைத்துத் தாளை எடுத்ததும் வளையத்தை வீசிவிடுவார்கள். பொறுக்குவது தந்திக்காரர் பாடு.

கடிகாரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக்கூடாது, உள்ளே தேய்மானத்தைக் குறைக்கும் கற்கள் 17க்குக் குறையக்கூடாது. குமிழை இழுத்து முள்ளைத் திருத்தும் வகை ஆகவே ஆகாது, பையில் தட்டுப்பட்டு நகர்ந்துவிடும். கண்ணாடி மூடியைத் திறந்து உள்ளேயுள்ள சிறு நெம்பை இழுத்தால்தான் முள் அசைய வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் கடைசிப் பூட்டு மனிதன்தான். தந்திக்காரர் சிக்னலைப் போட மறப்பார். டிஸ்பாட்சர் ஒரே துண்டுப் பாதையை எதிரெதிர் வண்டிகளுக்குக் கொடுத்துவிடுவார். 1918 ஜூலை 9இல் நாஷ்வில் அருகே நடந்த நேருக்கு நேர் மோதலுக்கு இந்த இரண்டும் காரணமில்லை. இரட்டைப்பாதை முடியுமுன் எதிரே வரும் 1ஆம் இலக்க வண்டி கடந்துவிட்டதா என்று பார்ப்பது 4ஆம் இலக்க வண்டிக்காரரின் பொறுப்பு. வழியில் வெற்றுப் பெட்டிகளை இழுத்துவந்த எஞ்சினை 1 என்று அவர்கள் எடுத்துக்கொண்டதாகவே தெரிகிறது. சிக்னலும் வழிவிட்டது. தவறு புரிந்து சிக்னல் கோபுரத்திலிருந்து விசில் ஊதியபோது கேட்க ஆளில்லை. 101 பேர் இறந்தார்கள்.

டெப்லட் அங்கே பரவாததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. டெப்லட் வைக்கும் இடமெல்லாம் ஆள் வேண்டும். சமவெளியில் ஆளே இல்லாத பக்கப்பாதைகள் ஏராளம். கடதாசி என்றால் அங்கேயும் இரண்டு வண்டிகளைச் சந்திக்கவைக்கலாம். 1927இல் ஒஹாயோவில் 40 மைல் பாதையின், வண்டியைத் தடம் மாற்றும் பொயின்ட்டுகளையும் சிக்னல்களையும் ஒரே மேசையிலிருந்து இயக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தத் துண்டில் கடதாசிக்கு வேலை இல்லாமல் போனது.