காருக்குத் தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர்

நம்ம காரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் மீட்டர் மாட்டியாச்சு. இப்போது வரும் சின்ன கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது இன்ஜின் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டால் செலவு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வயரிங் பெரிய விஷயமில்லை. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு வயர், பாடி எர்த்துக்கு (வண்டியின் இரும்பு உடலுக்கு) ஒன்று, மீட்டர் விளக்குக்கு பார்க்கிங் லைட்டிலிருந்து ஒன்று, அப்புறம் இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சாருக்கு ஒன்று. பலரும் தடுமாறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே இன்ஜின் உலோகத்தில் திருகும் அதன் மரை வழியாக. ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி அடாப்டர் போட்டு மாட்டினால் இரண்டு பக்கமும் ரப்பர், எர்த் ஏது? முள் அசையவே அசையாது. அடாப்டரிலிருந்து தனியாக ஒரு எர்த் வயர் இழுத்தே ஆக வேண்டும். மரையில் டெஃப்லான் டேப்பை அளவில்லாமல் சுற்றினாலும் இதே கதை நடக்கலாம். வண்டியோடு வந்த இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சென்சார் வயரில் மட்டும் ஒட்டுப் போடாதீர்கள், இரண்டு அளவுமே தப்பாகிவிடும்.

சாதாரண முள் மீட்டர் என்றால் சென்சார் வயரைக் கழற்றி இன்ஜின் பாடியில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், முள் சூட்டுப் பக்கம் ஓடினால் மீட்டரும் வயரும் சரி.

இப்போது 90 டிகிரி பக்கம் நிற்கிறது, சிக்னலில் கொஞ்சம் ஏறி ஃபேன் சுற்றியதும் இறங்குகிறது. ஆனாலும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பார்ப்பதை விடாதீர்கள், சென்சார் கூலன்ட்டில் முங்காமல் நின்றால் முள் குறைத்துக் காட்டும்.