இரண்டரைக் கிலோஹேர்ட்ஸ்

"அண்ணே, நீங்க சத்தத்த கொறச்சீங்களா, சொல்ல கொறச்சீங்களா?"

கேட்டவன் அன்றைக்குத் தோட்டத்து மேடையில் பாடி முடித்த பங்க் குழுவின் பாடகன். ஒலிக்காரனான நான் மேடைக்கு முன்னால் ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். "மைக்க பொத்திப் புடிச்சா கூவத்தான் செய்யும் தம்பி" என்றேன். பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, தப்புப் பறைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போய்விட்டான்.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் நாங்கள் கொடுக்கும் எஸ்.எம். 58 வகை மைக்குக்கு முன்னும் பின்னும் காது உண்டு. வலைக்கூண்டின் முன்பக்கமாக நுழையும் சத்தம் உள்ளே இருக்கும் சவ்வை முன்னாலிருந்து தள்ளும். கூண்டின் கீழ்ப்பாதி வழியாக நுழைவது சின்னத் துளைகளுக்குள் சற்றுத் தாமதித்துச் சவ்வின் பின்பக்கத்துக்குப் போகும். மைக்குக்குப் பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தள்ளுவதால் தானே அடிபட்டுப்போகும். பாடகனுக்கு அவன் குரலையே திருப்பிக் கேட்கவைக்கும் மொனிட்டர் பொக்ஸை அவன் காலடியில், மைக்கின் நேர் பின்னால் வைப்பது இதனால்தான். வீடியோக்களில் பார்த்துவிட்டுப் பையன்கள் கூண்டை உள்ளங்கையால் பொத்துகிறார்கள். பொத்தினால் பின்வழி அடைபட்டு, மைக் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். கைக்குள் ஒரு சின்னக் குகையும் உண்டாகி, ஒன்றிலிருந்து மூன்று கிலோஹேர்ட்ஸுக்குள் (வினாடிக்கு ஆயிரம் அதிர்வு ஒரு கிலோஹேர்ட்ஸ்) எங்கோ ஓரிடம் மட்டும் வீங்கும். மொனிட்டரில் போனது மைக்குக்குள் திரும்பி வரும், வந்தது மறுபடியும் போகும். காதைக் கிழிக்கிற அந்த விசில் அப்படித்தான் பிறக்கிறது.

அன்றைக்கு விசில் எழுந்த இடம் இரண்டரை. சத்தத்தை 31 பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு இழுகட்டையால் ஏற்றி இறக்கும் இக்குவலைசரில் 2, 2.5, 3.15, 4 என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் கட்டைகளில் ஒன்று. எங்களிடம் மொனிட்டருக்குத் தனி இக்குவலைசர் இல்லை. மெயின் பொக்ஸ் இரண்டும் மொனிட்டர் இரண்டும் ஒரே இக்குவலைசரிலிருந்துதான் பிரிந்து போகின்றன. ஆகவே மொனிட்டரில் எதைக் குறைத்தாலும் சனத்துக்குப் போவதிலும் அது குறையும். வசதியுள்ள ஒலிக்காரருக்கு இந்தக் கதையே கிடையாது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தமிழில் வல்லெழுத்து வெடிக்கிற இடமும் அதுதான். 'ட்ட', 'ற்ற', 'ச்ச' எல்லாம் தெளிவது ஏறக்குறைய இரண்டிலிருந்து நான்கு கிலோஹேர்ட்ஸுக்குள். குரலின் பருமனும் பலமும் அதற்கு வெகு கீழே, சில நூறு ஹேர்ட்ஸிலேயே முடிந்துவிடும். இரண்டரையைச் சுற்றி வெட்டினால் ஆள் கத்துவது கேட்கும், என்ன கத்துகிறான் என்பது கேட்காது. கிட்டாருக்கு மேடையிலேயே சொந்த எம்ப் (சத்தம் பெருக்கும் பெட்டி) இருக்கிறது, தப்புக்கு எதுவுமே வேண்டாம், அவை நேரே காதுக்கு வந்துவிடும். பொக்ஸை விட்டால் வேறு வழியில்லாதது குரல் ஒன்றுக்குத்தான். அவன் கேள்வியை எவ்வளவு சரியாகக் கேட்டான் என்று எனக்கு உறைத்தது வீட்டுக்கு வந்த பிறகு.

அவர்கள் வாசிப்பது ஹார்ட்கோர் பங்க், வேகமும் கத்தலுமான ரொக் இசை. கிட்டார், பேஸ், சிறிய ட்ரம்ஸ், கூடவே இரண்டு தப்பு. தப்புக்கு மைக் வைப்பதாக இருந்தால் குச்சி படும் பக்கம் ஓரடி தள்ளி வைக்கவேண்டும். கிட்ட வைத்தால் மெல்லிய நீளக் குச்சியின் வெடிப்பு மட்டும் வரும், தோலின் முழக்கம் வராது. நெருப்பில் காய்ச்சி ஏற்றிய தோல், மூட்டம் இறங்கினால் இரண்டு மூன்று பாட்டுக்குள் தளர்ந்துவிடும். அதனால் தப்பு உள்ள பாட்டுகளைக் காய்ச்சிய கையோடு முடித்துவிடச் சொல்வேன். இவர்கள் கேட்கவில்லை, கடைசிப் பாட்டுக்கென்று வைத்துக்கொண்டார்கள். மேடைக்குப் பின்னால் கொழுந்துச் சாக்கை விரித்து, தகர டின்னில் நெருப்பும் தயாராக வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்த பையன்கள்தான்.

காலையில் சாமான் இறக்கும்போதே பாடகன் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, "இந்த மாதிரி வேணும்ணே" என்றான். கனடாவின் வன்கூவர் நகரத்து டி.ஓ.ஏ. குழுவின் 'ஜெனரல் ஸ்ட்ரைக்'. டி.ஓ.ஏ. என்பது ஆஸ்பத்திரிச் சுருக்கெழுத்து, கொண்டுவரும்போதே உயிரில்லை என்று பொருள். பெயருக்கு நேர்மாறாக 1978இல் தொடங்கியவர்கள் இன்னும் முடியவில்லை. அவர்களுடைய 1981 இசைத்தட்டின் பெயர் 'ஹார்ட்கோர் 81'. இந்த வகை இசைக்கு 'ஹார்ட்கோர்' என்ற பெயர் பரவியதில் அந்தத் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பார்கள். முதல் தட்டையே சொந்த லேபலில் போட்டுக்கொண்டார்கள். ஆரம்பத்தில் ட்ரம்ஸ் அடித்த சக் பிஸ்கிட்ஸ் அப்போது பதின்ம வயதுப் பையன், பிறகு பிளாக் ஃபிளாக், டான்சிக் என்று போய்விட்டார். இன்னொரு ட்ரம்ஸ்காரர் கென் ஜென்சன் 1995இல் வீடு தீப்பற்றி இறந்தார். டேவ் கிரெக்கும் பிரையன் கோபிளும் 2014இல், ராண்டி ராம்பேஜ் 2018இல். இத்தனைக்கும் நடுவே தொடக்கத்திலிருந்து நிற்பவர் பாடியும் கிட்டார் வாசித்தும் வரும் ஜோ கீத்லி ஒருவர்தான். ஆள் மாறினாலும் குழு நிற்கவேண்டுமானால் பாட்டு மூன்று கோட்ஸுக்குள், அதாவது மூன்று கிட்டார் பிடிகளுக்குள் இருக்கவேண்டும், புது ஆள் ஒரு வாரத்தில் பழகக்கூடியதாக இருக்கவேண்டும். கொழும்புக் கடைக்கும் வெளிநாட்டுக்கும் வருஷத்துக்கு ஓராளைப் பறிகொடுக்கிற நம்முடைய குழுக்கள் இதையாவது அவர்களிடம் படிக்கலாம்.

'ஜெனரல் ஸ்ட்ரைக்' வந்தது 1983இல். அந்த வருஷம் ஜூலை என்றால் நமக்கு எழும் நினைவு வேறு. அதே ஜூலையில் வன்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் முதலமைச்சர் பில் பெனட்டின் அரசு சிக்கன வரவுசெலவுத் திட்டத்தோடு 26 சட்டமூலங்களை ஒன்றாகக் கொண்டுவந்தது. அரச ஊழியரை நிறுத்துவது எளிதாகிறது, வாடகைக்கு இருப்போரின் பாதுகாப்பும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் போகின்றன என்று தொழிற்சங்கங்களும் ஊர் அமைப்புகளும் ஒரே அணியாகச் சேர்ந்தன. நவம்பரில் அரச ஊழியரும் ஆசிரியரும் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த வரிசை இறங்கினால் பொது வேலைநிறுத்தம்தான் என்றிருந்த நேரத்தில், மரத்தொழிலாளர் சங்கத் தலைவர் ஜாக் மன்ரோ கெலோனாவில் முதலமைச்சரின் வீட்டுக்குப் போய் உடன்பாடு கண்டு வந்தார். நவம்பர் 13ஆம் திகதி. பாட்டு அழைத்த பொது வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை.

எங்கள் பையன்களைப் பிடித்துக்கொண்டது அந்தக் கெலோனாதான். நம் மலையகத்தில் தோட்டச் சம்பளத்துக்காகச் சங்கங்களும் கம்பெனிகளும் செய்த கூட்டு ஒப்பந்தம் என்பது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொழும்பில் கையெழுத்தாகி, பத்திரிகையைப் பார்த்துத் தோட்டத்துக்குத் தெரியவந்த சங்கதி. 2021இல் சம்பளச் சபை மூலம் ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வந்தபோதும், எடுக்கும் கொழுந்தின் கிலோக் கணக்கும் நாள்கூலிக்கான பெயர் கணக்கும் எப்படி மாறும் என்று கொழுந்து எடுப்பவரிடம் யாரும் கேட்கவில்லை. பையன்களின் கடைசிப் பாட்டு இவ்வளவுதான்:

"கேட்டியா, கேட்டியா, கையெழுத்து வைக்க முன்ன கேட்டியா?"

மேடை போட்டதும் காசு கொடுத்ததும் ஒரு தொழிற்சங்கம். எது என்பது இங்கே தேவையில்லை.

அந்தச் சில வினாடிகளை எத்தனை முறை மனதில் ஓட்டியிருப்பேன் என்று தெரியாது. இரண்டாவது சுற்றில் அவன் முன்னால் குனிந்து மைக்கைப் பொத்தினான். கூவியது. என் விரல் இரண்டரையில் போய்க் கட்டையை இழுத்தது. அதே நேரம் இடதுபக்கப் படிக்கட்டருகே நின்ற ஏற்பாட்டாளர் என்னைப் பார்த்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து இரண்டு தரம் அசைத்தார். விசில் வந்தால் எல்லாரும் அப்படித்தான் கை காட்டுவார்கள். கோயில் திருவிழாவில் தர்மகர்த்தாவும் காட்டுவார், கல்யாண வீட்டில் மாமனாரும் காட்டுவார். அவரும் விசிலுக்காகக் காட்டியிருக்கலாம்.

இரண்டரை கீழே வந்ததுமே விசில் நின்றுவிட்டது. ஆனாலும் நான் 3.15ஐயும் இழுத்தேன். அதற்கும் ஒரு நியாயம் உண்டு, மேல்பட்டை விசில் அடக்கிய இடத்திலிருந்து பக்கத்துக் கட்டைக்குத் தாவும். 4ஐ இழுத்ததற்கு நியாயம் எதுவும் அகப்படவில்லை. நான்கு கூவவே இல்லை.

இழுத்த அளவும் இருக்கிறது. முறை தெரிந்தவர் மூன்று டெசிபல் இறக்கிப் பார்ப்பார், போதாவிட்டால் ஆறு. அடங்கியதும் மெல்லத் திரும்ப ஏற்றி, மறுபடி கூவத் தொடங்கும் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்துவார். நான் மூன்று கட்டைகளையும் அடிவரை, பன்னிரண்டு டெசிபல், இறக்கினேன். பாட்டு முடியும்வரை, ஏறக்குறைய இரண்டு நிமிஷம், திரும்ப ஏற்றவில்லை. அவன் பாதிப் பாட்டிலேயே மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தான் என்பதும் எனக்குத் தெரிந்தது.

மழை வரப்பார்த்தது, ஜெனரேட்டர் தள்ளாடியது, முன்வரிசையில் கைக்குழந்தைகள் இருந்தார்கள், இன்னொரு விசில் வந்தால் மெயின் பொக்ஸின் ஹோர்ன் டிரைவர் (மேல்பட்டைச் சத்தம் தரும் பாகம்) போயிருக்கும், அதை மாற்ற என் கையிலிருந்துதான் காசு. எல்லாம் உண்மை. தோட்டத் தொங்கலில் இருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம்வரை யாரிடம் கேட்டாலும் அந்த நேரத்தில் கட்டையை இறக்கியதைப் பிழை என்று சொல்லமாட்டார்கள். பிரச்சினை இறக்கியதில் இல்லை, ஏற்றாததில். அதைப் பார்த்தவர் எவரும் இல்லை.

சனம் ஆடியது. அதுதான் இன்னும் குழப்புகிறது. 'கேட்டியா'வில் 'ட்' போய், முன்னால் இருந்த 'க்'கும் தப்புக்குள் அமிழ்ந்து, "ஏய்யா, ஏய்யா" என்று கேட்டது. பையன்கள் அதையே சேர்ந்து கத்தினார்கள், கிழவர்கள்கூடக் கை தட்டினார்கள். நல்ல பாட்டு என்று ஏற்பாட்டாளரே சொன்னார். கேள்வி போய்த் தாளம் மிஞ்சியது. சொல் கேட்டிருந்தால் இவ்வளவு பேர் ஆடியிருப்பார்களா, இல்லை மேடையிலேயே கைகலப்பு ஆகியிருக்குமா? ஆகியிருந்தால் என் பொக்ஸ் இரண்டும் மேடையோரத்தில்தான் நின்றன என்றும் யோசிக்கிறேன். பிறகு, இப்படி யோசிப்பதே ஒரு பதில் ஆகிவிடுமோ என்றும் யோசிக்கிறேன்.

டி.ஓ.ஏ.யின் பழைய பதிவுகளைப் பிறகு ஹெட்ஃபோனில் கேட்டேன். கிட்டாரின் நடுப்பட்டை குறுகியது, குரலுக்கு இடம் விட்டிருக்கிறது. இவ்வளவு இரைச்சலிலும் சொல் தெரிகிறது என்றால் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். எங்கள் கூட்டத்திலும் முடியாத காரியம் இல்லை. கிட்டார் எம்பைத் தரையிலிருந்து தூக்கிச் சாய்த்து, வாசிப்பவனின் முழங்காலுக்குப் பதில் காதைப் பார்க்க வைத்தால் அவனே சத்தத்தைக் குறைப்பான். குரல் சனலில் 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டவேண்டும். வாசிக்காத மைக்குகளை மூடவேண்டும், திறந்த மைக் இரண்டு மடங்கானால் கூவாமல் ஏற்றக்கூடிய அளவு மூன்று டெசிபல் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, சவுண்ட் செக்கின்போதே பாடகனை மைக்கைப் பொத்தச் சொல்லி, எங்கே கூவுகிறதென்று பார்த்து அந்த ஒரு கட்டையை மட்டும் மூன்று நான்கு டெசிபல் இறக்கி வைத்திருக்கலாம். அவன் பொத்துவான் என்று காலையில் போனைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். செய்யவில்லை. தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

கீத்லி அரசியலுக்காக 2013இல் குழுவை நிறுத்தி, அந்தத் தடவை சரிவராமல், பிறகு திரும்பத் தொடங்கினார். 2018இல் வன்கூவருக்குப் பக்கத்துப் பர்னபி நகரசபைக்குத் தெரிவானார், 2022இல் மறுபடியும். நாற்பது வருஷம் கத்தியவர் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். இதைப் பாடகனிடம் சொன்னால் சிரிப்பானா, முகம் சுளிப்பானா தெரியாது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. ஆனால் என்னுடைய இரண்டு நிமிஷத்துக்கு அவரிடம் ஆறுதல் தேடுவது நாணயமில்லை.

விசில் அடித்த கூட்டத்தில் எப்போதும் ஆயிரம் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அன்றைக்கு ஏற்பாட்டாளர் முழுக் காசையும் எண்ணித் தந்தார். நானும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

போன கிழமை பாடகன் அழைத்தான். இன்னொரு தோட்டத்தில் நிகழ்ச்சி இருக்கிறதாம், என் சாமான்தான் வேண்டுமாம். "மைக்க கூண்டுக்கு கீழ புடிச்சு பழகிட்டேண்ணே, இனி கூவாது" என்றான். பார்த்துச் சொல்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டேன். அவன் சொன்ன திகதி என் டயறியில் வெறுமையாகத்தான் கிடக்கிறது.