என் முதல் டிக் வெல்டர்

உப்புவெளியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டில்தான் என் பட்டறை. படகுகளுக்கு ஸ்டெயின்லெஸ் கைப்பிடி செய்யத்தான் டிக் மெஷின் தேடினேன்; டங்ஸ்டன் முனையில் ஆர்க் (மின்வில்) பிடித்து, அந்தச் சூட்டில் உலோகத்தை உருக்கி ஒட்டுகிற வெல்டிங் மெஷின் அது. அலுமினியம் ஒட்ட ஏசி மின்னோட்டம் வேண்டும், அந்த மெஷின்களின் விலை எனக்குக் கட்டாது. என் வேலை இரும்பும் ஸ்டெயின்லெஸும்தானே? சரி என்று டிசி மட்டும் உள்ள 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வகை டிக் மெஷினை வாங்கினேன்.

எதை விட்டாலும் எச்எஃப் (உயர் அதிர்வெண்) ஸ்டார்ட்டை விடாதீர்கள். டங்ஸ்டன் முனை உலோகத்தைத் தொடாமலே ஆர்க் பிடிக்கும். தொட்டு எடுக்கிற வகையில், கை பழகும்வரை முனையைத் தீட்டியே பொழுது போய்விடும். அப்புறம் டியூட்டி சைக்கிள். 60 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம்தான் ஒட்டலாம், மிச்சம் மெஷின் ஆற வேண்டும். பெட்டியில் உள்ள 200 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

மெஷினுக்கே எல்லாக் காசையும் கொட்டிவிடவும் கூடாது. உருகிய உலோகத்தில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கன் வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், நல்ல தலைக்கவசம் எல்லாம் தனிச் செலவு.

முதல் வாரம் என் ஒட்டெல்லாம் கறுத்து, துளை துளையாக வந்தது. மெஷின்தான் பழுது என்று நினைத்து மனம் சோர்ந்துபோனேன். கச்சான் காற்று ஆர்கனை அடித்துக்கொண்டு போயிருக்கிறது! வாசலில் படங்கு கட்டினேன். அன்று பின்னேரமே ஒட்டு பளபளவென்று வந்தது.