அருகம்புல்லுக்கு மூன்று வகுப்பறைகள்

பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுவாரம் அக்காள் மகள் தொலைபேசியில் அழைத்து, வேளாண்மை படிப்பதா, வனவியல் படிப்பதா, அல்லது விலங்கியல் எடுத்துவிட்டுப் பிறகு வன உயிரியல் முதுகலைக்குப் போவதா என்று கேட்டாள். இளங்கலையில் வேளாண்மையும் முதுகலையில் வன உயிரியலும் படித்த மாமன் எளிதாகப் பதில் சொல்லிவிடுவான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அன்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

உழவியல் செய்முறைத் தேர்வுக்குக் களைச்செடிகளைப் பிடுங்கி, செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்து உலர்த்தி, ஏட்டில் ஒட்டிச் சமர்ப்பிக்க வேண்டும். என் ஏட்டின் முதற்பக்கத்தில் கோரையும் இரண்டாம் பக்கத்தில் அருகும் இருந்தன. அருகம்புல் பல்லாண்டுக் களை. மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். கோடை உழவு செய்து தண்டுகளை வெயிலில் காயவிட வேண்டும், அடங்காவிட்டால் கிளைபோசேட் தெளிக்க வேண்டும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அடுத்த பருவத்தில் தீவனப்பயிர்கள் பாடம் வந்தது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், தீவனச்சோளம், வேலிமசால், குதிரைமசால் என்று நீண்ட அந்தப் பட்டியலில், மாடும் ஆடும் விரும்பி மேயும் புற்களுள் ஒன்றாக அதே அருகு எந்தக் கூச்சமும் இல்லாமல் வந்து நின்றது. முதுகலையில் கோடியக்கரைக்குக் களப்பணிக்குப் போனபோது, வெளிமான்கள் எதைக் கடிக்கின்றன என்று பார்த்துக் குறிக்கும் தாளில் அதன் பெயரை மூன்றாம் முறையாக எழுதினேன். மூன்று ஆசிரியர்களும் சொன்னது சரிதான். ஆனால் மற்ற இருவர் என்ன சொல்கிறார்கள் என்று அவர்களுள் ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை.

இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. நிறுவனங்கள் பிரிந்த விதம் அப்படி. சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் கல்வி 1906-இல் கோயம்புத்தூருக்கு வந்து, 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. கால்நடை மருத்துவத்துக்கு 1989-இல் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. வனவியல் பட்டம் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. வன உயிரியலோ பெரும்பாலும் கலை அறிவியல் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளை ஒட்டி வளர்ந்தது. மேய்ச்சல் நில மேலாண்மைக்கு மட்டும் சொந்த வீடு கிடைக்கவில்லை. ஜான்சியில் 1962 முதல் இயங்கும் இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ச்சிக்கானது. பிளஸ் டூ முடித்த பிள்ளை அங்கே விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்காவின் மேற்கு மாநிலக் கல்லூரிகளில் மேய்ச்சல் நிலமும் காட்டுயிரும் ஒரே துறைக்குள் கற்பிக்கப்படுவது வழக்கம். பரந்த பொதுநிலங்களில் மாடும் மானும் சேர்ந்து மேயும் ஊர் அது. அந்தத் தேவை அவர்களுக்கு முன்னதாகவே வந்துவிட்டது.

நம்மிடம் அந்தத் தேவை இல்லை என்று எண்ணுபவர்கள் காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும். அங்கே கொறங்காடு என்றொரு நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரங்கள். மழை குறைந்த, மானாவாரிப் பயிரையே நம்ப முடியாத மண்ணில், பட்டா நிலத்தையே மேய்ச்சலுக்கென்று ஒதுக்கி, வேலியால் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறவிடுகிறார்கள். நாக்கால் சுருட்டி இழுத்து மேயும் மாடுகளுக்கு உயரமான புல் வேண்டும். பற்களால் தரையோடு கடிக்கும் ஆடுகளுக்கு மாடு விட்டுப்போனதே போதும். கோடையில் புல் காய்ந்துவிட்டால் வேலங்காய் ஆடுகளுக்குத் தீவனம். காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்து அடுத்த வேலங்கன்று முளைக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு, மறுபடியும் புல்லுக்கே விட்டுவிடுவதும் உண்டு. காங்கயம் மாடு உருவானது இந்தப் புல்லில்தான். கிளுவை வேலியின் அடியில் கௌதாரி முட்டையிடுகிறது, முயல் பதுங்குகிறது. உழவியல், கால்நடை, காட்டுயிர் ஆகிய மூன்றும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. நான் இளங்கலை படித்த நான்காண்டுகளில் வகுப்பறையில் இந்தச் சொல்லை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இறுதியாண்டு கிராமத் தங்கல் பயிற்சியின்போதுதான், தற்செயலாக, ஒரு விவசாயியின் பின்னால் நடந்துபோய்ப் பார்த்தேன். எங்கள் கையேட்டில் அவ்வகை நிலத்துக்கு இருந்த பெயர் தரிசு.

மேய்ச்சல் நிலப் படிப்பில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்டுகிறேன். ஒரு மீட்டர் நீள அகலமுள்ள சட்டத்தைப் புல்லின்மேல் போட்டு, உள்ளே இருப்பதை அறுத்து, உலர்த்தி எடைபோட வேண்டும். பல இடங்களில் இப்படிச் செய்து, ஹெக்டேருக்கு ஆண்டில் இரண்டு டன் உலர்புல் என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதில் பாதியைத் தொடக்கூடாது. வேருக்கும் மண்ணுக்கும் அது வேண்டும். 350 கிலோ எடையுள்ள மாடு தன் எடையில் ஏறத்தாழ இரண்டரை சதவீதம் உலர்தீவனம் தின்னும், அதாவது நாளுக்கு 8.75 கிலோ, ஆண்டுக்குச் சுமார் 3,200 கிலோ. ஆக, மேய்ச்சலை மட்டும் நம்பினால் ஒரு மாட்டுக்கு மூன்று ஹெக்டேருக்கு மேல் தேவைப்படுகிறது. இதைப் புரிந்துகொண்டவன், ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் எத்தனை மாடு தாங்கும் என்றும், கோடியக்கரையில் மனிதர் கைவிட்ட குதிரைகளின் வழிவந்தவை பெருகும்போது அதே புல்லை நம்பிய வெளிமான்களுக்கு என்ன மிஞ்சும் என்றும் ஒரே முறையில் கணக்கிட்டுப் பார்க்கலாம். அங்கே சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் புகுந்திருப்பதால் கழிக்க வேண்டியது இன்னும் ஒன்று கூடுகிறது.

நீலகிரியின் கதை இதைவிடக் கசப்பானது. மலைமேல் சோலைகளுக்கு நடுவே விரிந்திருந்த புல்வெளியை மரமில்லாத வெற்றிடம் என்று கருதி, வெள்ளையர் காலத்திலும் அதன் பிறகும் சீகை எனப்படும் வாட்டில் மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டார்கள். வரையாடு புல்லை நம்பி வாழ்வது. அதன் நிலத்தில் காடு வளர்த்தது அதற்குச் செய்த உதவியன்று. இன்று சீகையை வெட்டிப் புல்லை மீட்க முயலும் இடங்களில், எந்தப் புல், எந்த விதை, எந்தப் பருவம் என்ற உழவியல் கேள்விகளையே காட்டுயிர் ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். களைகளை ஏட்டில் ஒட்டி நான் கற்ற பாடங்கள் எனக்குப் பயன்பட்டதும் அத்தகைய இடங்களில்தான்.

வேலையைப் பற்றியும் அவள் கேட்டிருந்தாள். இந்திய வனப் பணித் தேர்வை வேளாண்மை, வனவியல், விலங்கியல் ஆகிய மூன்று பட்டங்களில் எதைக்கொண்டும் எழுதலாம் என்பதால், அந்த ஒரு காரணத்துக்காகப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. வன உயிரியல் முதுகலை முடித்தவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் திட்ட முடிவோடு முடிந்துபோகும் ஒப்பந்த வேலை. இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

மறுபடி பேசியபோது அவள் வேளாண்மைக்கே விண்ணப்பித்துவிட்டதாகச் சொன்னாள். களை ஏட்டில் அருகை ஒட்டும்போது அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.