ரோசேசியாவுக்கு ஜெல் வாங்கப் போகிறீர்களா? முதலில் அட்டைப்பெட்டியைப் படியுங்கள்

கன்னத்தில் கை வைத்தால் எரியாத ஒரு மே மாதம் மூன்று வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் எனக்கு வாய்த்திருக்கிறது. அதுவும் திருச்சி வெயிலில். அந்த நிம்மதியில் எழுதுகிறேன், ஆனால் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

எனக்கு இருப்பது ரோசேசியா, முகத்தோல் அழற்சியாகித் திரும்பத் திரும்ப வரும் ஒரு வியாதி. மூக்கின் இரண்டு பக்கமும் கன்னமும் சூடாகி, சின்னச் சின்னக் கொப்புளமாக வரும். என் நிறத்துக்கு அது சிவப்பாகத் தெரியாது, செம்பழுப்பாக ஒரு திட்டு, அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் சூட்டுப் பரு என்றார்கள். மருந்துக்கடையில் கேட்டால் ஒரு க்ரீமை எடுத்துக் கொடுத்து, "இது நல்லா கேக்கும்க்கா" என்றார்கள். கேட்கத்தான் செய்தது, மூன்றே நாளில் முகம் தெளிந்துவிட்டது. நிறுத்தினால் நாலாம் நாள் இரண்டு மடங்காக வரும். திரும்பப் போடுவேன். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, மூன்றும் அந்த ஒரே ட்யூபில் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஸ்டீராய்டை முகத்தில் தொடர்ந்து பூசினால் ரோசேசியா இல்லாதவர்களுக்கே அதுபோல வந்துவிடுமாம், இருப்பவர்கள் கதி கேட்கவே வேண்டாம். இந்த வகைப் பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 இலேயே விதியை இறுக்கிவிட்டார்கள். என்னிடம் ஒருவர்கூடச் சீட்டு கேட்கவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் இரண்டு நிமிடத்தில் முகப்பரு என்று எழுதி, பென்சாயில் பெராக்சைடு கொடுத்தார். ஒரே இரவில் கன்னம் தீப்பட்ட மாதிரி ஆகி, மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டேன்.

இரண்டாவதாகப் போன டாக்டரம்மா முகத்தைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார். சூடான டீ குடித்தால் முகம் காந்துகிறதா, அடுப்படியில் நின்றால் கூடுகிறதா, கண் மணல் விழுந்தது போல் உறுத்துகிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம். அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்து, "கரும்புள்ளி, வெண்புள்ளி ஒன்றுகூட இல்லை, பருவாக இருந்தால் அது இருக்கும், இது ரோசேசியா" என்றார். பழைய க்ரீமைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தவர் அதைத் திருப்பித் தரவில்லை. மெட்ரோனிடசோல் ஜெல் 1 சதவீதம், இரவில் ஒரு வேளை. மூன்று மாதம் பார்ப்போம், போதாவிட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை சேர்க்கலாம் என்றார்.

இங்கேதான் அடுத்த தப்பு நடந்தது. சீட்டைக் கொடுத்தேன், ஜெல்லைக் கொடுத்தார்கள், போட்டேன். புதினா வாசனை அடித்தது, எரிந்தது. மருந்தென்றால் எரியத்தான் செய்யும் என்று ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பூசினேன். ஆறாம் நாள் என் கணவர் அட்டைப்பெட்டியை எடுத்துப் படித்துவிட்டு, "இது பல் ஈறுக்குப் போடறது" என்றார். மெட்ரோனிடசோலோடு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி சேர்ந்த ஈறு ஜெல்! பெயரும் ஒன்று, சதவீதமும் ஒன்று. பிறப்புறுப்புக்கான ஜெல்லும் இதே மருந்தில் உண்டு. பிரித்த ட்யூபைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். தில்லை நகரில் ஆரம்பித்து சத்திரம் பேருந்து நிலையம் வரை நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் "நாளைக்குச் சாயங்காலம் வரவழைச்சுத் தர்றேன்" என்றார்கள். தயவுசெய்து கல்லாவிலேயே நின்று பெட்டியைப் படியுங்கள். தோலில் வெளிப்பூச்சுக்கு என்று இருக்க வேண்டும், வேறு எந்த மருந்தும் கலந்திருக்கக் கூடாது.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. மெட்ரோனிடசோல் என்றால் நமக்கெல்லாம் வயிற்றுப்போக்கு மாத்திரை. முகத்தில் எந்தக் கிருமியைக் கொல்லப் போகிறது? டாக்டரம்மாவிடம் கேட்டேன். ரோசேசியா ஒரு கிருமி வந்து தொற்றும் வியாதி இல்லையாம். நம் உடம்பின் வெள்ளை அணுக்களே தோலுக்குள் திரண்டு, ஆக்ஸிஜனிலிருந்து பிறக்கும் காரமான சில பொருள்களைக் கக்கி, அந்த இடத்தை அழற்சியாக்குகின்றன. மெட்ரோனிடசோல் அந்தக் கக்கலைக் குறைக்கிறது. ஆன்டிபயாட்டிக்காக இருந்தாலும் இங்கே அதன் முக்கிய வேலை வீக்கத்தைத் தணிப்பதுதான். ரோசேசியா முகத்தில் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி கூடுதலாக இருக்கும், ஆனால் இந்த ஜெல் அதைக் கொல்வதில்லை, அதற்கு ஐவர்மெக்டின் க்ரீம் தனியாக இருக்கிறது. அமெரிக்காவில் 1988 இலேயே 0.75 சதவீத ஜெல்லுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள், அவ்வளவு பழைய மருந்து.

இதைக் கேட்டிருந்ததால்தான் மூன்றாவது வாரத்தைத் தாண்டினேன் என்று நினைக்கிறேன். ஸ்டீராய்டை விட்டதில் முதல் இரண்டு வாரம் முகம் முன்னைவிட மோசமாகத்தான் ஆனது. மூன்றாவது வாரம் நாத்தனார் மகள் கல்யாணம். பழைய க்ரீம் இன்னொரு ட்யூப் பீரோவில் இருந்தது, மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு அப்படியே குப்பையில் போட்டுவிட்டு, வீங்கிய முகத்தோடுதான் கல்யாணத்துக்குப் போனேன்.

ஐந்தாவது வாரம் புதுக் கொப்புளம் வருவது நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் அதே ஜன்னலோரம், அதே நேரம் ஒரு போட்டோ எடுத்து வைத்தேன், எல்லோரும் இதைச் செய்யுங்கள், கண்ணாடி நம்மை ஏமாற்றும். ஒன்பதாவது வாரப் படத்தையும் முதல் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. பன்னிரண்டு வாரத்தில் கொப்புளம் சுத்தமாக இல்லை.

போடுவதில் நான் செய்த தவறு, கொப்புளத்தின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைத்தது. பாதிக்கப்பட்ட இடம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும், புதிதாக வருவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. முகம் கழுவிக் கால் மணி நேரம் காயவிட்டுப் போட்டால் எரிச்சல் குறைகிறது. கண்ணுக்குப் பக்கத்தில் போனால் தண்ணீராகக் கொட்டும். பகலில் ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன். எலுமிச்சை, ஆவி பிடிப்பது, ஸ்க்ரப், எல்லாவற்றையும் விட்டேன். கர்ப்பமாக இருந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முகம் தெளிந்ததும் நாமாக நிறுத்தக் கூடாது, திரும்பி வரும் வியாதி இது.

மூக்கோரம் தெரியும் மெல்லிய ரத்தக் குழாய்களும், தோசைக்கல் முன்னால் நிற்கும்போது குப்பென்று முகத்தில் சூடு ஏறுவதும் அப்படியே இருக்கின்றன. ஜெல் அதைத் தொடாது என்று முதல் நாளே சொன்னார்கள். குழாய்களுக்கு லேசர் இருக்கிறது, இப்போதைக்கு அதைப் பற்றி யோசிக்கவில்லை. டீயை ஆறவைத்துக் குடிக்கிறேன், இரண்டு அடுப்பையும் ஒரே நேரத்தில் எரிப்பதில்லை. கண் உறுத்தல்தான் பாக்கி, அதுவும் ரோசேசியாவில் சேர்ந்ததாக இருக்கலாமாம். வரும் செவ்வாய்க்கிழமை கண் மருத்துவரிடம் போகிறேன், போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு.