ஸோக்ரதேஸும் ஒரு செம்மறியும்

உயர்தரத்தில் அளவையியல் (தர்க்கம்) படித்த எங்களுக்கு முதல் பாடம் ஒரு கிரேக்க மெய்யியலாளரின் பெயர்தான். சேர் கரும்பலகையில் சோக்கிரட்டீஸ், சோக்ரதீஸ், சாக்ரடீஸ் என்று எழுதிவிட்டு, "இதிலை எத்தனை பேர் இருக்கினம்?" என்றார். "மூண்டு பேர்" என்றான் பின்வாங்கில் இருந்த ஒருவன். சேர் சிரிக்கவில்லை. "புத்தகத்துக்குப் புத்தகம் வேறை மாதிரி எழுதினால் பிள்ளை என்ன செய்யும்?" என்றார்.

கிரேக்க எழுத்தில் எகரத்துக்குக் குறிலும் நெடிலும் தனித்தனியாக உண்டு: எப்சிலோன், ஏற்றா. ஒகரத்துக்கும் அப்படியே ஒமிக்ரோன், ஒமேகா. தமிழிலும் எ, ஏ, ஒ, ஓ இருப்பதால் அந்தப் பெயர்களை நாம் அளவு பிசகாமல் எழுதலாம் என்றார். ஸோக்ரதேஸ். ப்லதோன் (பிளேட்டோ). அரிஸ்தொதெலேஸ் (அரிஸ்டோட்டில்). "தகரத்தை மட்டும் மெலிய விடாதையுங்கோ, 'பத்து' எண்ட மாதிரி வரவேணும்." ப்லதோனின் 'ன்' லத்தீனில் உதிர்ந்தது. அரிஸ்தொதெலேஸின் வால் ஆங்கிலத்தில் போனது.

"அந்தக் காலத்துக் கிரேக்கர் 'ஏ' எண்டுதான் சொன்னவை எண்டதுக்கு என்ன ஆதாரம் சேர்?" என்று கேட்டேன். அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை வேறு எந்த ஆசிரியரிடமும் நான் கண்டதில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகாசிரியர் க்ரதீனொஸ், ஒரு மூடன் செம்மறி போல "பே பே" என்று கத்திக்கொண்டு நடப்பதாக எழுதியிருக்கிறார். அதில் இருப்பது ஏற்றா. இன்றைய கிரேக்கர் அதே எழுத்துகளை "வீ வீ" என்று வாசிப்பார்கள். "எந்த ஊர்ச் செம்மறி வீ வீ எண்டு கத்தும்?" என்று கேட்டுவிட்டு, சேர் தானே கத்திக் காட்டினார். பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

இந்தப் பழைய உச்சரிப்பைப் பற்றி டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1528இல் ஒரு நூலே எழுதினார். 1542இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தர் அந்த உச்சரிப்பைத் தடைசெய்தார். ஒரு உயிரெழுத்துக்காக!

நியாயத்தொடைக்கு, அதாவது இரண்டு கூற்றுகளிலிருந்து ஒரு முடிவை எடுக்கும் வாதத்துக்கு, வந்தபோது சேர் இன்னொன்று சொன்னார். அரிஸ்தொதெலேஸ் தன் நூலில் 'மனிதன்', 'விலங்கு' போன்ற சொற்களுக்குப் பதிலாக வெறும் எழுத்துகளை வைத்தார். எதைப் பற்றிப் பேசினாலும் வாதத்தின் வடிவம் ஒன்றுதான் என்று காட்ட அது போதும். 2,300 வருடங்களுக்குப் பிறகு நாங்களும் சோதனைத்தாளில் அதைத்தான் செய்தோம். இன்று கணினி நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த வடிவம்தான் சோறு போடுகிறது.

ரொறன்ரோவில் டன்போர்த் வீதியில் ஒரு கிரேக்க பேக்கரி இருக்கிறது. அங்குள்ள முதியவர் "ஸொக்ராதிஸ்" என்கிறார். ஏற்றா அவர்கள் வாயில் எப்போதோ 'இ' ஆகிவிட்டது. சரி, அதுவும் அவர்களுடைய பெயர்தானே. போன மாதம் சேரோடு தொலைபேசியில் கதைக்கும்போது இதைச் சொன்னேன்.

"அங்கை நிக்கிறீரோ இப்ப?"

"ஓம் சேர், கடைக்குள்ளதான்."

"போனை அவரிட்டைக் குடும். ஒருக்காச் சொல்லச் சொல்லும்."

மூன்று தரம் சொல்ல வைத்துக் கேட்டார்.